புகார் கொடுத்த மறுநாள் தெரு என்ன செய்கிறது?

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. தண்டனையின் கடுமையைப் பற்றித்தான் அன்று டீக்கடை முதல் தொலைக்காட்சி வரை பேச்சு. நமக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு ஒன்று. அந்த வழக்கின் சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சியாக மாறவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் சொன்னார். ஆறு ஆண்டுகள் ஒரு பெண்ணும் பின்வாங்கவில்லை.

இதே வழக்கின் தொடக்கம் எப்படி இருந்தது என்பதையும் மறக்க முடியாது. 2019இல் முதலில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை உயர் அதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னார். அரசாணையிலும் அவரது அடையாளம் வெளிவந்தது. அதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் வழங்க உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அப்படியும் அந்தப் பெண்கள் நின்றார்கள் என்றால், அவர்களைச் சுற்றி யாரோ நின்றிருக்கிறார்கள்.

நம் காலனிகளில், சேரிகளில், மலைக் கிராமங்களில் நடக்கும் கொடுமைகளில் எத்தனை வழக்குகள் இப்படித் தீர்ப்பு வரை போகின்றன? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் நாடு முழுவதும் பட்டியல் சாதிப் பெண்கள், சிறுமிகள் மீதான பாலியல் வல்லுறவு வழக்குகள் 4,000-க்கும் மேல். இது காவல் நிலையம் வரை போய், பதிவும் ஆன கணக்கு. பதிவாகாமல் போனவை எங்கே நின்றுபோயின என்பது ஊரில் வாழும் யாருக்கும் தெரியும். வேப்பமரத்தடியில் நின்றுபோயின. பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுத் திண்ணையில் நின்றுபோயின. ‘பொண்ணோட எதிர்காலம் என்னாகும்’ என்ற ஒற்றை வாக்கியத்தில் நின்றுபோயின.

கட்டப்பஞ்சாயத்தில் உட்காருகிறவர்கள் எப்போதும் ஊர்த்தெருக்காரர்கள் மட்டுமல்ல. நம் தெருவின் பெரியவர்களும் உட்காருகிறார்கள். அறுவடைக்கூலி, வட்டிக்கு வாங்கிய பணம், ஆடு மேய்க்கும் நிலம், சுடுகாட்டுப் பாதை என்று ஆயிரம் முடிச்சுகள் அவர்களை அந்தப் பக்கத்தோடு கட்டிவைத்திருக்கின்றன. அவர்களைத் திட்டிவிட்டுப் போவது எளிது. அந்த முடிச்சுகளை வைத்துக்கொண்டு ஒரு கூலிக் குடும்பம் மட்டும் தனியாக எப்படித் தாங்கும் என்பதுதான் கேள்வி.

சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. பாலியல் வல்லுறவு வழக்கில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில், கடலூர் மாவட்ட வழக்கொன்றில், தண்டிக்கப்பட்டவருக்கு இடைக்கால ஜாமீன் கொடுத்துப் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரச மையத்தில் பேசச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அந்தப் பெண் முடியாது என்றார். பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நீதிபதி சொன்னாலும் பேசமாட்டேன் என்று ஒரு பெண் சொல்ல முடிந்திருக்கிறது. நாட்டாமை சொன்னால் பேசித்தான் ஆக வேண்டும் என்று நம் தெரு ஏன் நினைக்க வேண்டும்?

இனி வேலைக்கு வருவோம். கொடுமை நடந்தது தெரிந்தவுடன் நம் ஊர்களில் முதலில் நடப்பது கூட்டம் கூடுவது. குடிசைக்குள் இருபது பேர். ஆளுக்கொரு கேள்வி. ‘எந்நேரம் போன? ஏன் அந்த வழியாப் போன? யாரு யாரு இருந்தா?’ ஒவ்வொருவரும் அனுதாபத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் ஒரே இரவில் இருபது முறை அதையே சொல்கிறாள். சொல்லும்போது ஒரு நேரம், ஒரு வார்த்தை முன்னேபின்னே ஆகும். நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த இருபது பேரில் ஒருவரைக் கூண்டிலேற்றி ‘உங்களிடம் வேறு மாதிரிதானே சொன்னார்’ என்று கேட்பார். அவளுக்கு நம்பிக்கையான ஒரு பெண், அத்தையோ அக்காளோ ஆசிரியையோ, அவளே தேர்ந்தெடுக்கும் ஒருவர் மட்டும் உடன் இருந்தால் போதும். மற்றவர்கள் வெளியே நின்று வண்டி ஏற்பாடு செய்யட்டும்.

வண்டி முதலில் போக வேண்டியது மருத்துவமனைக்கு. இதை நம் மக்களில் பலர் அறிந்திருக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தால்தான் டாக்டர் பார்ப்பார் என்று நினைத்து அரைநாளைக் காவல் நிலைய மரத்தடியில் கழிக்கிறார்கள். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, பாதிக்கப்பட்டவருக்கு உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு சொல்கிறது. காவல்துறைக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் கடமை. சிகிச்சை மறுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கருத்தரிப்பைத் தடுக்கும் மாத்திரையும் எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நம் வீடுகளில் அம்மாக்கள் முதலில் செய்வது பிள்ளையைத் தலைக்குக் குளிப்பாட்டித் துணியைத் துவைத்துப் போடுவது. அந்த மனம் புரிகிறது. ஆனால் குளிக்கும் முன் போவது சாட்சியத்துக்கு நல்லது. துணிகளைப் பிளாஸ்டிக் பையில் திணிக்காமல் உலரவிட்டுக் காகிதப் பையில் வைக்க வேண்டும். குளித்துவிட்டால், இரண்டு நாள் கழிந்துவிட்டால், எல்லாம் போய்விட்டது என்றும் விட்டுவிடக் கூடாது. அப்போதும் போக வேண்டும். பரிசோதனை அவளது சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும். ‘இரு விரல் பரிசோதனை’ செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி ஆவார் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாராவது இன்னும் செய்தால் அந்த இடத்திலேயே மறுக்கலாம்.

அடுத்தது காவல் நிலையம். இங்கே நம் மக்களை ஏமாற்றும் காகிதம் ஒன்று உண்டு; சிஎஸ்ஆர் ரசீது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி அது, அவ்வளவுதான். முதல் தகவல் அறிக்கை அது அல்ல. அதைக் கையில் வாங்கிக்கொண்டு வழக்குப் போட்டாயிற்று என்று திரும்பி வந்தவர்கள் ஏராளம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும். புகாரைப் பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும்; பெற்றோரோ நெருங்கிய உறவினரோ அப்பகுதிச் சமூக சேவகரோ உடன் இருக்கலாம். ‘விசாரித்துவிட்டுப் போடுகிறோம்’ என்ற பேச்சும் செல்லாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் 18ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 2 அன்று நாடு முழுவதும் நம் மக்கள் தெருவில் இறங்கியதற்குப் பிறகு கிடைத்த பிரிவு அது. அதை 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் முதல் நாளிலேயே சேர்க்கப்பட்டனவா என்று பார்ப்பது படித்த பிள்ளைகளின் வேலை. சேர்த்தால்தான் டிஎஸ்பி நிலை அதிகாரி விசாரிப்பார், 60 நாட்களில் குற்றப்பத்திரிகை என்ற கெடு வரும், தீருதவி வரும். ‘இதில் சாதி எங்கே வந்தது, ஆசைப்பட்டான், செய்துவிட்டான்’ என்று நிலையத்தில் சொல்வார்கள். ஆந்திராவில் கண்பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் மீதான கொடுமை வழக்கில் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதி, பாலினம், உடல் குறைபாடு மூன்றும் சேர்ந்து ஒரு பெண்ணை எப்படி நசுக்குகின்றன என்று விரிவாக எழுதியது. ஆயுள் தண்டனையையும் உறுதி செய்தது. ஆனால் வன்கொடுமைச் சட்டத் தண்டனையை மட்டும் நீக்கியது. காரணம், குற்றம் நடந்த காலத்துச் சட்டப்படி சாதியின் காரணமாகவே நடந்தது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 2016 ஜனவரி 26 முதல் நிலைமை வேறு. அவள் பட்டியல் சாதி என்று தெரிந்து செய்திருந்தால் போதும். அவளையோ குடும்பத்தையோ அறிந்தவன் என்றால், தெரிந்தே செய்தான் என்றுதான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். ஊரில் யார் எந்தத் தெரு என்று தெரியாதவன் எவன்? (கிறிஸ்தவத்துக்கு மாறிய நம் குடும்பங்களுக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்பது இந்த நாட்டின் பெரிய அநியாயங்களில் ஒன்று. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

முதல் வாரம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். கட்சிக்காரர்கள் வந்து படமெடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். சாலை மறியல் முடிந்திருக்கும். உண்மையான நெருக்கடி அதன் பிறகே தொடங்குகிறது. களையெடுப்புக்குக் கூப்பிடமாட்டார்கள். ஆடு வரப்பில் கால் வைத்தால் சண்டை. கடையில் கடன் நிற்கும். அப்புறம் ஒருநாள் அவளுடைய அண்ணன் மீது மோட்டார் திருட்டு என்றோ, வழிப்பறி என்றோ எதிர்வழக்கு வரும். ‘நீ அதை வாபஸ் வாங்கு, நாங்கள் இதை வாங்குகிறோம்’ என்பதற்கான வழக்கு அது. இந்த இடத்தில்தான் சாட்சிகள் பிறழ்கிறார்கள். பணத்துக்கு விலைபோனார்கள் என்று நாம் பேசுகிறோம். பெரும்பாலோர் பசிக்கும் பயத்துக்கும்தான் போகிறார்கள்.

சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் 2016 முதல் அதே சட்டத்தின்கீழ் தனிக் குற்றம். எந்தத் தேதியில், யார், எந்த வேலையிலிருந்து நிறுத்தினார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அது இரண்டாவது புகார். மகளிர் சுயஉதவிக் குழு இரண்டு மாதத் தவணையைத் தள்ளிப்போட்டால், தெருவில் வீட்டுக்கு ஒரு படி அரிசி எடுத்தால், அந்தக் குடும்பம் ஒரு அறுவடைக் காலத்தைத் தாண்டிவிடும். ஒரு சாட்சியைக் காப்பாற்ற அந்த அரிசி செய்வதை ஆர்ப்பாட்டம் செய்யாது.

தீருதவிப் பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 2016 விதிகளின்படி பாலியல் வல்லுறவுக்கு 5 லட்சம், கூட்டு வல்லுறவுக்கு 8.25 லட்சம் ரூபாய். தமிழ்நாடு அரசு உச்சவரம்பை 12 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. பாதித் தொகை மருத்துவ அறிக்கை வந்ததும் தரப்பட வேண்டும். தீர்ப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை. காசுக்காகத்தான் புகார் கொடுத்தாள் என்று ஊர்த்தெரு பேசும். நம் தெருவிலும் இரண்டு பேர் பேசுவார்கள். அது பிச்சையோ லாபமோ அல்ல, அரசு தன் மக்களைக் காக்கத் தவறியதற்குக் கட்ட வேண்டிய தொகை. அது அவளுடைய பெயரில், அவளுடைய கணக்கில் வர வேண்டும். அப்பாவின் கடனுக்கும் தம்பியின் வண்டிக்கும் அது கரைந்துபோனால் அவள் இரண்டாம் முறை ஏமாற்றப்படுகிறாள்.

அவளோடு நிற்கிறோம் என்று எல்லாரும் சொல்கிறோம். அவளைக் கேட்கிறோமா? மறியல் செய்யலாமா, எந்த வழக்கறிஞர், எந்த ஊரில் தங்குவது, எப்போது கல்லூரிக்குத் திரும்புவது — இவற்றில் ஒன்றையாவது அவளிடம் கேட்டு முடிவு செய்தோமா? ஆண்கள் கூடிப் பேசுவார்கள், அவள் உள்ளே இருப்பாள். பிறகு ‘சாதி மானம்’ என்ற பெயரில் அவசரமாக ஒரு தூரத்து மாமன் மகனுக்குக் கட்டிவைத்துப் படிப்பை நிறுத்திவிடுவோம். வழக்கு நடக்கும், அவள் வாழ்க்கை நின்றிருக்கும். 18 வயது நிரம்பியவள் என்றால் புகார் கொடுப்பதா இல்லையா என்ற முடிவே அவளுடையது. நாம் செய்யக்கூடியது வழிகளைத் தெளிவாகச் சொல்வதும், அவள் எந்த முடிவெடுத்தாலும் முகம் திருப்பாமல் இருப்பதும். 18 வயதுக்குக் கீழ் என்றால் நிலைமை வேறு; போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் தகவல் சொல்லியே ஆக வேண்டும். 1098-க்கு அழைக்கலாம். சிறுமியை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

அடையாளம் என்பது பெயர் மட்டும் என்று நம் இளைஞர்கள் நினைக்கிறார்கள். பெயரை மறைத்துவிட்டு அப்பா பெயர், தெரு, பள்ளி, வகுப்பு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். ஃப்ளெக்ஸ் போர்டில் அவள் படம் ஏறுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இதற்கு இரண்டாண்டு வரை சிறை. போராட்டத்தின் அடையாளமாகப் பெயர் தேவை என்ற வாதத்தை 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இறந்துபோன பெண்ணுக்கும் இது பொருந்தும். நீதி கேட்கும் நம் போஸ்டரே குற்றவாளித் தரப்புக்குக் கையில் கொடுத்த ஆயுதம் ஆகிவிடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. குற்றம் செய்தவன் நம் தெருக்காரனாகவே இருந்தால்? அப்போது மறியல் இல்லை, போஸ்டர் இல்லை. ‘வீட்டு விஷயம், வெளியே தெரிந்தால் நம் சனத்துக்குத்தான் கேவலம்’ என்கிறோம். அங்கே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வராது என்பது உண்மை. போக்சோ வரும், நியாய சன்ஹிதா வரும், அதே மருத்துவமனை, அதே இலவசச் சட்ட உதவி வரும். மாற்றுச் சாதிக்காரன் தொட்டால் மட்டும் கொதிக்கிற கோபம் அந்தப் பெண்ணுக்கான கோபம் அல்ல. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஒரு ஊர் சேர்ந்து நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நாம் தூரம் போக வேண்டியதில்லை. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களே கைது செய்யப்பட்டுச் சேலம் சிறைக்குப் போனார்கள். புகாரை வாங்க வேண்டியவர்களே குற்றவாளிகள், யாரிடம் போவது? மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் அந்த மக்களிடம் போனார்கள். விஷயம் நீதிமன்றம் போய், 1995இல் சிபிஐ கைக்கு மாறியது. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றது. நீதிபதி அதற்கு முன் நேரில் ஊருக்குப் போய்ப் பார்த்தார்.

31 ஆண்டுகள். நாம் கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை மட்டுமல்ல. அந்த 18 பேரில் திருமணமாகாத சிறுமிகள் இருந்தார்கள். சம்பவம் நடந்த ஊரிலேயே வாழ்ந்தார்கள். அவர்களைக் கறைபட்டவர்கள் என்று ஊர் ஒதுக்கியிருந்தால் முதல் ஆண்டிலேயே வழக்கு முடிந்திருக்கும். ஊர் ஒதுக்கவில்லை. ஒருவர் சாட்சி சொல்லப் போகும்போது மற்றவர்களும் போனார்கள். எதிரே அரசு இருந்தது. இந்தப் பக்கம் ஒரு சிற்றூரும் அதைக் கைவிடாத ஒரு சங்கமும்.

எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. ஹாத்ரஸில் 2020 செப்டம்பரில் இறந்த 19 வயதுப் பெண்ணின் உடலைக் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் இரவோடு இரவாகக் காவல்துறை எரித்தது. நாடே கொதித்தது. 2023 மார்ச்சில் தீர்ப்பு வந்தபோது நால்வரில் மூவர் விடுதலை. ஒருவர் மட்டும் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கும் வன்கொடுமைச் சட்டத்துக்கும் தண்டனை பெற்றார். வல்லுறவுக் குற்றத்துக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. கொதிப்பு ஒரு மாதம் இருந்தது, விசாரணை ஆண்டுக்கணக்கில் நடந்தது.

அந்த நீண்ட காலத்துக்கென்றே சட்டத்தில் 15ஏ என்ற பிரிவு இருக்கிறது. நம்மில் பலர் பயன்படுத்தாதது. குற்றவாளி ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும், அவரை நீதிமன்றம் கேட்க வேண்டும். தகவல் தராமல் கொடுத்த ஜாமீன் செல்லாது என்ற நிலையை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் எடுத்தது. பாதுகாப்பு, வேறு இடத்தில் குடியமர்வு, விசாரணைக்கு வந்துபோகும் செலவு எல்லாம் அதே பிரிவில் உரிமைகள். விசாரணை நாளன்று கூலியை விட்டுவிட்டு மூன்று பஸ் மாறிப் போகும் சாட்சிக்குப் பயணப்படி உண்டு என்பதை எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறோம்? 15100-க்கு அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர் கிடைப்பார்; பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு கிடையாது. வன்கொடுமைக்கென்றே 14566 என்ற எண் இருக்கிறது. பெண்களுக்கு 181. மாவட்டத் தலைநகரில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்கலாம், ஆற்றுப்படுத்துநரிடம் பேசலாம்.

இவை எல்லாம் ஓடுகின்றனவா என்று பார்க்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும் என்பது விதி. கோட்ட அளவிலும் ஒரு குழு உண்டு. நம் மாவட்டத்தில் கடந்த இரண்டு ஆண்டுகளில் அது எத்தனை முறை கூடியது, எந்தத் தேதிகளில், உறுப்பினர்கள் யார், பாலியல் வன்கொடுமை வழக்குகள் எத்தனையில் தீருதவியின் முதல் தவணை தரப்பட்டது, எத்தனையில் 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை போனது? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு இந்த ஐந்து கேள்விகளையும் எழுதிக் கேட்கலாம். பெயர்களைக் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும். 30 நாட்களில் பதில் வர வேண்டும். கல்லூரி விடுதிகளில் இருக்கும் நம் பிள்ளைகள் மாவட்டத்துக்கு ஒருவராக எழுதிப் போட்டு, வரும் பதில்களை இந்தப் பகுதிக்கும் ஒரு நகல் அனுப்பட்டும். வந்தவற்றை அடுத்தடுத்த வாரங்களில் மாவட்ட வாரியாக வெளியிடுவோம்.